பூஜ்யமும் ஒரு பதில்தான்

கடைகளுக்கும் சின்ன நிறுவனங்களுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தருவதும், வேறு யாரோ எழுதிவிட்டுப் போனதைப் பழுது பார்த்து ஓடவைப்பதும் என் தொழில். மயிலாப்பூர் மாட வீதி, தி.நகர் உஸ்மான் ரோடு, அடையாறு எல்.பி. ரோடு, இந்த மூன்றையும் சுற்றியேதான் இத்தனை வருடமும் போயிருக்கிறது. சர்வர் படுத்துக்கொள்வது, பிரிண்டர் மக்கர் செய்வது, கரண்ட் போவது எல்லாம் தெரிந்த தொல்லைகள். கண்ணுக்குத் தெரியும், போய்ப் பார்த்தால் சரியாகிவிடும். என்னை அதிகம் வேலை வாங்கியவை வேறு இரண்டு. ஒன்று, கீபோர்டில் ஒன்றாம் எண்ணுக்கு மேலே இருக்கும் ஆச்சரியக்குறி. அதை நாங்கள் ‘நாட்’ என்போம். ஒரு கூற்றை மறுக்கும் குறி. மற்றது, அடுத்தடுத்துப் போடும் இரண்டு சமக்குறி. அது ‘டபுள் ஈக்குவல்’; இரண்டு மதிப்புகள் ஒன்றா என்று கேட்கும் குறி. இரண்டுமே நாம் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவை.

சி மொழியை நான் கற்றது 1990-களின் கடைசியில், லஸ் முனைக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். டர்போ சி-யின் நீலத் திரைதான் எங்களுக்குக் கரும்பலகை. சி-யில் நாட் மிக எளிமையானது. பூஜ்யத்தின் முன்னால் போட்டால் 1 வரும், வேறெந்த எண்ணின் முன்னால் போட்டாலும் 0 வரும். ஆனால் இரண்டு பெயர்களை ஒப்பிடும் ஃபங்ஷனுக்கு வந்ததும் வகுப்பு முழுக்கக் குழம்பியது. அந்த ஃபங்ஷன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, முதல் பெயர் வரிசையில் முந்தினால் பூஜ்யத்துக்குக் கீழே ஓர் எண்ணும், பிந்தினால் பூஜ்யத்துக்கு மேலே ஓர் எண்ணும் தரும். இரண்டும் ஒன்றே என்றால் 0 தரும். ஆகவே பெயர்கள் ஒத்துப்போனால் ஒரு வேலையைச் செய் என்று சொல்ல, அனுபவசாலிகள் அந்த ஃபங்ஷனின் முன்னால் நாட் போட்டு எழுதுவார்கள். படிப்பவன் கண்ணில் மறுப்பு தெரியும். இயந்திரம் ஆமோதிப்பாக எடுத்துக்கொள்ளும். எங்கள் வாத்தியார் அதை அனுமதிக்கவில்லை. ‘== 0’ என்று முழுதாக எழுதச் சொல்வார். “உனக்குப் புரிஞ்சா போதாதுப்பா, உனக்கு அப்புறம் இதை எடுக்கிறவனுக்கும் புரியணும்” என்பார். பிற்பாடு பிறர் எழுதியதை எடுத்துப் பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டதால், அவர் சொன்னதை நான் தினமும் சோதித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கடுத்த வருடம் மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய ஒரு ஃபேன்சி ஸ்டோரில் என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி வளையல், குங்குமம், பொட்டு, கவரிங், நெயில் பாலிஷ் என்று எல்லாம் விற்கும் கடை. கவரிங்குக்கு 3 சதவீத வரி, நெயில் பாலிஷுக்கு 18. கண்ணாடி வளையலுக்கும் குங்குமத்துக்கும் பொட்டுக்கும் வரி கிடையாது, அதாவது 0 சதவீதம். “வளையலுக்கு வரியே இல்லைன்னு ஆடிட்டர் சொல்றாரு தம்பி. ஸ்கிரீன்லயும் நூறு ரூபான்னுதான் காட்டுது. பில்லு மட்டும் நூத்திப் பதினெட்டுன்னு அடிச்சு வருது. வாங்குறவங்க என்னைத்தான் கேக்குறாங்க” என்றார் கடைக்காரர். எந்த வளையலுக்கு வருகிறது என்று கேட்டேன். “அதுதான் புரியல. பழைய சரக்குக்குச் சரியா வருது. புதுசா ஏத்தின சரக்குக்குத்தான் இப்படி.”

புரோகிராமில் வில்லங்கமாக எதுவும் இல்லை. ‘வரி போடாமல் விட்டிருந்தால் 18 என்று எடுத்துக்கொள்’ என்று ஒரு வரி. அதை எழுதியவர் ‘இஃப் (!வரி) வரி = 18’ என்று எழுதியிருந்தார். ஸ்கிரீனுக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு முறை, பில் அடிக்கும் சர்வருக்காக பி.எச்.பி.யில் ஒரு முறை. வரி விகிதம் எண்ணாக அல்ல, மேற்கோள் குறிக்குள் அடங்கிய எழுத்தாக, "0" என்று வந்துகொண்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு "0" என்பது ஒரு எழுத்து உள்ள சரம். எழுத்து இருப்பதால் அது உண்மைப் பக்கம் சேரும். பி.எச்.பி.யோ "0" என்ற சரத்தைப் பொய்ப் பக்கம் சேர்க்கும். அதனால் ஸ்கிரீன் 100 என்றது. சர்வர், வரி போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று தானே முடிவு கட்டி 18 சேர்த்தது. பழைய சரக்கு டேட்டாபேஸில் "0.00" என்று பதிவாகியிருந்தது. பி.எச்.பி.யின் கணக்கில் "0.00" உண்மைப் பக்கம். புதுச் சரக்கை எக்செல் ஃபைலில் இருந்து ஏற்றியபோது "0" என்று வந்துவிட்டது. கண்ணுக்கு ஒரே பூஜ்யம். பின்னால் ஒரு புள்ளியும் இரண்டு பூஜ்யமும் சேர்ந்ததும் அது ஆமாம் என்றாகிவிட்டது.

கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி: “பூஜ்யம்னு தெளிவா போட்டிருக்கேனே, அப்புறம் எப்படி அது போடாததா ஆகும்?” அவர் சொல்வதுதான் சரி. பூஜ்யம் என்பது அவர் யோசித்து, ஆடிட்டரைக் கேட்டு, எழுதி வைத்த பதில். போடாமல் விட்டது என்பது பதிலே இல்லாத நிலை. ‘!வரி’ என்ற கேள்வி இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறது. பழுதை நீக்க ஒரு வரி மாற்றினால் போதுமாக இருந்தது: மதிப்பு ‘நல்’ ஆக இருந்தால் மட்டும், அதாவது உண்மையிலேயே எதுவும் பதிவாகாமல் இருந்தால் மட்டும், 18 போடு. பி.எச்.பி.யில் 2015-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே ?? என்ற குறி உண்டு. ஜாவாஸ்கிரிப்டுக்கு அதே குறி 2020-இல் வந்தது. அது பூஜ்யத்தைத் தொடாது. இல்லாததற்கு மட்டும் மாற்று கொடுக்கும்.

எதை உண்மை என்பது, எதைப் பொய் என்பது என்பதில் மொழிக்கு மொழி கொள்கை வேறு. பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட், ரூபி மூன்றுமே 1995-இல் வெளி உலகுக்கு வந்தவை. ரூபியில் பூஜ்யம் உண்மைப் பக்கம். ஃபால்ஸும், எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் நில்லும் மட்டுமே பொய். ஜாவாஸ்கிரிப்டில் 0 பொய், "0" உண்மை, காலியான பட்டியல் உண்மை. பி.எச்.பி.யில் 0, "0", காலிப் பட்டியல் மூன்றும் பொய். ஒரே கடையின் ஸ்கிரீன் ஒரு மொழியிலும் சர்வர் வேறொரு மொழியிலும் ஓடும்போது, ஒரே வரியை இரண்டு இடத்திலும் அப்படியே எழுதியதனாலேயே கணக்கு பிசகும்.

எண், எழுத்து என்று வகை பார்க்காத இந்தத் தளர்வு சோம்பலால் வந்ததல்ல, அதற்கு ஒரு காரணம் இருந்தது. வலைப்பக்கத்தின் படிவத்தில் நீங்கள் வயது 42 என்று தட்டினாலும் சர்வருக்குப் போய்ச் சேர்வது எழுத்து வடிவில்தான், "42" என்று. அதை எண் 42-உடன் ஒப்பிட்டால் ‘வேறு வேறு’ என்று மொழி அடம்பிடித்தால், புதிதாக எழுதப் பழகுகிறவர் முதல் நாளே ஓடிவிடுவார். ராஸ்மஸ் லெர்டார்ஃப் உருவாக்கிய பி.எச்.பி.யும், நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்டும் இப்படிப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் டபுள் ஈக்குவலைத் தளர்வாக வைத்தன. இருபுறமும் வகை வேறாக இருந்தால் ஒன்றை மற்றதாக மாற்றிப் பார்த்து, பிறகு ஒப்பிடும். அந்த மாற்றும் விதிகள்தான் பின்னால் எல்லோரையும் படுத்தின. 1999 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்புத் தரத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ‘ட்ரிபிள் ஈக்குவல்’ என்ற மூன்று சமக்குறியைச் சேர்த்துக்கொண்டது. அது எதையும் மாற்றாது. வகையும் மதிப்பும் இரண்டுமே ஒத்தால்தான் ஆமாம் என்னும். பழைய டபுள் ஈக்குவலை எடுக்க முடியவில்லை. அதை நம்பி அதற்குள் எத்தனையோ பக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பள்ளியில் படித்த கணக்கில் சமக்குறிக்கு ஓர் ஒழுக்கம் உண்டு: முதலாவது இரண்டாவதற்குச் சமம், இரண்டாவது மூன்றாவதற்குச் சமம் என்றால், முதலாவது மூன்றாவதற்குச் சமம். ஜாவாஸ்கிரிப்டின் டபுள் ஈக்குவலில் அந்த ஒழுக்கம் உடைகிறது. காலிச் சரம் "" எண் 0-க்குச் சமம். எண் 0 "0" என்ற சரத்துக்குச் சமம். ஆனால் "" என்பதும் "0" என்பதும் சமமல்ல. முதல் இரண்டிலும் சரத்தை எண்ணாக மாற்றிப் பார்க்கிறது. மூன்றாவதில் இரண்டுமே சரம் என்பதால் எதையும் மாற்றாமல் எழுத்தைப் பார்க்கிறது. ஒவ்வொரு விதியும் தனித்தனியே நியாயம். சேர்த்து வைத்தால் சமம் என்ற கருத்தே நிற்காது. இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் போர்டில் எழுதிக் காட்டுவேன். மனப்பாடம் செய்ய அல்ல, இந்தக் குறியை நம்பிக் காசு விஷயத்தை எழுதக்கூடாது என்பது மனதில் பதிய.

பி.எச்.பி.யில் இன்னொரு ஆபத்து. இரண்டு பக்கமும் சரமாகவே இருந்தாலும், இரண்டும் எண் போலத் தெரிந்தால் அது எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். சென்னைக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்ல வேண்டுமென்றால் நம் எஸ்.டி.டி. கோடு 044-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "044" == "44" என்றால் பி.எச்.பி. ஆமாம் என்னும். மேற்கோள் குறி போடாமல் வெறும் 044 என்று எழுதினாலோ, முன்னால் பூஜ்யம் இருப்பதால் அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொண்டு 36 என்று படிக்கும். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் இதையே வேறு உருவத்தில் பார்த்தேன். புடவை டேக்கில் ராக் எண், நடுவில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு வரிசை எண் என்று கோடு போடுவார்கள். ராக் 5, எழுத்து ‘இ’, வரிசை 2. விஞ்ஞானக் கணக்கில் எண்ணுக்கு நடுவே வரும் ஆங்கில ‘இ’ பத்தின் அடுக்கைக் குறிக்கும். 5, ‘இ’, 2 என்றால் 5-ஐ நூறால் பெருக்கு என்று பொருள், அதாவது 500. கடையில் "500" என்ற கோடு கொண்ட பழைய சரக்கும் இருந்தது. புரோகிராம் டபுள் ஈக்குவல் போட்டுத் தேடியது. பட்டுப்புடவையின் டேக்கை ஸ்கேன் செய்தால் உள்பாவாடையின் விலை வந்தது. மற்ற எழுத்துள்ள ராக்குகளில் ஒரு பிரச்சினையும் இல்லை. ‘இ’ ராக்கில் மட்டும்தான். அங்கே வேலை பார்த்த பையன்கள் அந்த ராக்குக்கு ராசியில்லை என்றே முடிவு செய்திருந்தார்கள்.

இதே விதி கடவுச்சொல்லையும் காட்டிக்கொடுக்கும். எம்.டி.5 என்ற முறையில் கடவுச்சொல்லைக் குழப்பி எழுதினால், சில சொற்களுக்கு 0, பிறகு ஆங்கில ‘இ’, பிறகு வெறும் இலக்கங்கள் என்று வந்துவிடும். 240610708 என்ற எண் அப்படிப்பட்டது. அத்தகைய இரண்டையும் பி.எச்.பி.யில் டபுள் ஈக்குவலால் ஒப்பிட்டால், பூஜ்யத்தைப் பத்தின் எந்த அடுக்கால் பெருக்கினாலும் பூஜ்யம் என்பதால், இரண்டும் சமம் என்று கதவைத் திறந்துவிடும். 2020 நவம்பர் 26-இல் வெளியான 8-ஆம் பதிப்பில் பி.எச்.பி. தன் விதிகளில் ஒரு பகுதியைத் திருத்தியது. அதற்கு முன் 0 == "மயிலாப்பூர்" என்பதும் ஆமாம்தான்; எண்ணாக மாற்ற முடியாத சொல்லை அது 0 என்று எடுத்துக்கொண்டது. பகுதி எண் 0 என்றால் ‘எல்லாப் பகுதிகளும்’ என்று வைத்திருந்த ரிப்போர்ட்டுகள், முதலில் ஒப்பிட்ட பெயரே ஒத்துப்போனதால், மயிலாப்பூர் கணக்கை மட்டும் காட்டின. அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் இருபுறமும் எண் போன்ற சரம் இருக்கும் வழக்கு இன்றைக்கும் அப்படியேதான். புடவை டேக்குக்கு ட்ரிபிள் ஈக்குவலைத் தவிர வேறு காவல் இல்லை.

நாட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ‘இஃப் (!ஊர் == "சென்னை") கூரியர் கட்டணம் சேர்’ என்று ஒரு வரியைப் பார்த்தேன். எழுதியவர் நினைத்தது, ஊர் சென்னை அல்லாவிட்டால் என்று. மொழி படிப்பது வேறு. நாட், சமக்குறியைவிடப் பக்கத்தில் இருப்பதைத்தான் முதலில் பற்றும். ஊர் "மதுரை" என்றால் !ஊர் ஃபால்ஸ், ஃபால்ஸ் "சென்னை"க்குச் சமமா என்றால் இல்லை, மதுரைக்குக் கட்டணமே இல்லாமல் பார்சல் போனது. ஊர்ப் பெயரே எழுதாமல் கடைக்கு நேரில் வந்து வாங்கியவருக்கு !ஊர் ட்ரூ, பி.எச்.பி.யில் ட்ரூ, காலியில்லாத எந்தச் சொல்லுக்கும் சமம். அவர் தலையில் கூரியர் கட்டணம் விழுந்தது. ‘ஊர் !== "சென்னை"’ என்று மறுப்பை ஒப்பீட்டின் மேலேயே வைத்தால் தீர்ந்தது.

இவையெல்லாம் காசு விஷயம், திருப்பிக் கொடுத்துவிடலாம். அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பார்த்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வெள்ளை அணுக்களில் ஐந்து வகை எத்தனை சதவீதம் என்று எண்ணிப் போடுவார்கள். மொத்தம் 100 வரவேண்டும். கடைசி வகையான பேசோஃபில், நல்ல உடம்புக்காரர்களுக்கு 0 அல்லது 1 என்றுதான் இருக்கும். அங்கே இருந்த புரோகிராம், ‘!முடிவு’ என்றால் ‘பெண்டிங்’ என்று அச்சடித்தது. 0 என்று எழுதிய ஒவ்வொரு ரிப்போர்ட்டும் முடிவு வராத ரிப்போர்ட்டாகத் தேங்கி நின்றது. டெக்னீஷியன்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: 0-க்குப் பதில் 00 என்று தட்டினால் போய்விடும். பி.எச்.பி.க்கு "00" உண்மைப் பக்கம் என்பதால்தான் அது பலித்தது. அவர்களுக்கு அது தெரியாது. “எதுக்கு வம்புன்னு சில பேர் ஒண்ணுன்னே போட்டுடுவாங்க சார்” என்று அங்கிருந்த ஒரு பெண் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. பரிசோதனை செய்து, மைக்ரோஸ்கோப்பில் எண்ணி, இல்லை என்று கண்டறிந்த ஒன்றை இயந்திரம் ஏற்க மறுத்தால், மனிதர்கள் இயந்திரம் ஏற்கிற பொய்யைத் தட்டத் தொடங்குவார்கள்.

அந்த லேபுக்குப் புதிதாக எழுதிக் கொடுக்கும்போது, எத்தனை வகை ‘இல்லை’ இங்கே உண்டு என்று பட்டியல் போட்டேன். பரிசோதனை இன்னும் நடக்கவில்லை. ரத்தம் உறைந்துவிட்டதால் மாதிரி ரத்தாகிவிட்டது. இந்த நோயாளிக்கு இந்தப் பரிசோதனையே பொருந்தாது. எண்ணிப் பார்த்ததில் பூஜ்யம். இதை எங்கள் தெருவில் இருந்த, தர்க்கம் படித்த ஒரு பெரியவரிடம் சொன்னபோது, “இதுல முக்கால்வாசியை எங்க பாடத்துல ஏற்கெனவே வெச்சிருக்கான்பா” என்றார். அவர் சொன்ன தர்க்கப் பாடத்துக்கு மயிலாப்பூரிலேயே ஒரு தொடர்பு உண்டு: அங்குள்ள சம்ஸ்கிருதக் கல்லூரி 1906-இல் தொடங்கப்பட்டது. அங்கே முதல்வராக இருந்த குப்புசாமி சாஸ்திரி, அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகத்தை வைத்து இந்தியத் தர்க்கத்துக்கு எழுதிய ஆங்கில அறிமுக நூல் 1932-இல் வந்தது. அந்த மரபில் அபாவம், அதாவது இன்மை, தனியே ஒரு பொருள் வகை. நம் மணிமேகலையும் அபாவத்தை அளவைகளுள் ஒன்றாக எண்ணிச் சொல்கிறது.

பெரியவர் சொல்லிக் கொடுத்த நான்கு இன்மைகள் இவை. குடம் வனையப்படுவதற்கு முன் இருக்கும் இன்மை முதலாவது. அது முடிவுக்கு வரும். குடம் உடைந்த பிறகு வரும் இன்மை இரண்டாவது. அது இனி முடியாது. காற்றில் நிறம் இல்லை என்பது போல எக்காலத்துக்கும் உரிய இன்மை மூன்றாவது. குடம் துணி அல்ல என்பது போல ஒன்று மற்றொன்றாக இல்லாமை நான்காவது. என் பட்டியலில் ‘இன்னும் நடக்கவில்லை’ முதலாவது, ‘ரத்தானது’ இரண்டாவது, ‘பொருந்தாது’ மூன்றாவது. சமமல்ல என்னும் குறி நான்காவது. பூஜ்யம் இந்த நான்கிலுமே சேரவில்லை. அங்கே பதில் என்ற குடம் இருக்கிறது. உள்ளே காலி, அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் உதவியது வேறொன்று. தர்க்கத்தில் வெறுமனே ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. எது இல்லை, எங்கே இல்லை என்று இரண்டையும் சொல்லியாக வேண்டும். ‘தரையில் குடம் இல்லை’ என்றால் இன்மைக்குரிய பொருள் குடம், அதற்கு இடம் தரை. எது இல்லையோ அதைப் பிரதியோகி என்பார்கள். பிரதியோகியைச் சொல்லாத இன்மை, பொருளே இல்லாத வாக்கியம். ‘!வரி’ என்ற வரியின் குறை இதுதான் என்று அன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தது. அது எதன் இன்மையைக் கேட்கிறது? பதிவின் இன்மையையா, தொகையின் இன்மையையா, எழுத்தின் இன்மையையா? சொல்லாததால் மொழி தானே ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. ‘வரி === நல்’ என்று எழுதினால் பிரதியோகி வந்துவிடுகிறது.

டேட்டாபேஸில் இது இன்னும் கடுமையாகும். நல் என்ற வெற்றுக் குறிப்பை 1965-இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக உருவாக்கிய டோனி ஹோர், 2009-இல் அதையே தன் நூறு கோடி டாலர் தவறு என்று மேடையில் சொன்னார். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். தன் நல்லுக்கு மூன்றாவது ஒரு விடை வைத்திருக்கிறது: ஆமாம், இல்லை, தெரியாது. தி.நகரில் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் ஒரு கடையிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் பட்டியலில், ‘வேண்டாம்’ என்று சொன்னவர்களின் பட்டியலில் இல்லாத எல்லோருக்கும் அனுப்பு என்று ‘நாட் இன்’ போட்டு எழுதியிருந்தார்கள். போன வருடம் வரை ஒழுங்காக ஓடிய அந்தக் கேள்வி, அன்று ஒரே ஓர் ஆளைக் கூடத் தரவில்லை. ‘வேண்டாம்’ பட்டியலில் யாரோ ஒருவருடைய நம்பர் எழுதப்படாமல் நல்லாக விழுந்திருந்தது.

காரணம் இது. ‘நாட் இன்’ என்றால் இந்த நம்பர் பட்டியலின் முதல் நம்பர் அல்ல, மேலும் இரண்டாவது அல்ல, மேலும் மூன்றாவது அல்ல என்று கடைசி வரை எல்லாமே ஆமாம் என்றாக வேண்டும். நல் வந்த இடத்தில் ‘இது அந்தத் தெரியாத நம்பர் அல்லவா?’ என்ற கேள்விக்கு எஸ்.க்யூ.எல். நேர்மையாகத் ‘தெரியாது’ என்கிறது. ஒரு கண்ணி தெரியாது ஆனதும் சங்கிலி முழுதும் ஆமாம் ஆகவே முடியாது. எஸ்.க்யூ.எல். சொன்னது சரிதான்: தெரியாத அந்த நம்பர் உங்கள் நம்பராகவும் இருக்கலாமே! நல்லை விலக்கிவிட்டுக் கேட்க வேண்டும், அல்லது ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று கேள்வியையே மாற்றி எழுத வேண்டும். மாற்றியதும் லிஸ்ட் வந்தது. தள்ளுபடி தொடங்குவதற்குள் எஸ்.எம்.எஸ்.ஸும் போனது.

மறுப்பைப் பற்றிப் பேசிவிட்டு மதுரையில் பிறந்த ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27-இல் மதுரையில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. 1828-இல் லண்டனில் பிற்காலத்தில் யுனிவர்சிட்டி காலேஜ் ஆன நிறுவனத்தின் முதல் கணிதப் பேராசிரியரானார். 1847-இல் அவருடைய தர்க்க நூலும் ஜார்ஜ் பூலின் தர்க்கக் கணித நூலும் வெளிவந்தன. புரோகிராம் எழுதுகிற எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ டி மார்கன் விதியில்தான் புழங்குகிறோம்: ‘இதுவும் அதுவும்’ என்பதை மறுத்தால் ‘இது இல்லை அல்லது அது இல்லை’ என்றாகும், ‘இதுவோ அதுவோ’ என்பதை மறுத்தால் ‘இதுவும் இல்லை, அதுவும் இல்லை’ என்றாகும்.

அடையாறில் ஒரு மளிகைக் கடை: வீடு அடையாறுக்குள் இருந்து, பில்லும் 500 ரூபாய்க்கு மேல் போனால் டெலிவரி இலவசம், மற்றவர்களுக்கு 40 ரூபாய். அந்த ‘மற்றவர்களை’ எழுதும்போது கை தானாகவே, அடையாறு அல்ல, மேலும் 500-க்கு மேல் அல்ல என்று இரண்டு நாட்டையும் ‘மேலும்’ போட்டு இணைக்கப் பார்க்கும். அப்படி எழுதினால் 600 ரூபாய்க்கு வாங்கிய வேளச்சேரிக்காரருக்கும் டெலிவரி இலவசமாகிவிடும், 200 ரூபாய்க்கு வாங்கிய அடையாறுக்காரருக்கும் இலவசமாகிவிடும். மதுரையில் பிறந்தவர் சொன்னபடி ‘அல்லது’ போட வேண்டும். நான் சொல்லிக் கொடுப்பது இன்னும் சுலபமான வழி: இலவசத்துக்குரியவர் யார் என்பதை நேராக எழுதி அதற்கு ஒரு பெயர் வை, பிறகு அந்தப் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு நாட் போடு. மறுப்பு ஓரிடத்தில் இருந்தால் தப்பும் ஓரிடத்தில்தான் இருக்க முடியும்.

இப்போது என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளுக்குச் சில வழக்கங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டபுள் ஈக்குவல் வேண்டாம்; வெளியிலிருந்து வரும் மதிப்பை வாசலிலேயே எண்ணாக்கு, பிறகு ட்ரிபிள் ஈக்குவலால் ஒப்பிடு. போன் நம்பர், பின்கோடு, டேக் கோடு எல்லாம் எழுத்து. அவற்றைக் கூட்டவோ கழிக்கவோ போவதில்லை, எண்ணாக்காதே. ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லும் கொடியின் (ஃபிளாக்) பெயரை நேராக வை. ‘முடக்காதது’ என்று பெயர் வைத்துவிட்டு அதன் முன்னால் நாட் போட்டால் படிப்பவன் தலை சுற்றும். எதை எழுதினாலும் நான்கு மதிப்புகளைக் கொடுத்து ஓட்டிப் பார்: ஒரு சாதாரண எண், 0, காலிச் சரம், நல். இந்த நான்குக்கும் கிடைக்கும் விடையைக் கடைக்காரரிடம் வாயால் சொல்லிப் பார். அவர் ‘அதெப்படி?’ என்று கேட்டால் கோடு தப்பு.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரில் பூஜ்யத்தோடு வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். 2016-இலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் கரண்ட் செலவழிக்கும் வீட்டுக்குக் கட்டணம் பூஜ்யம். 2021 மே மாதத்திலிருந்து மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் ஏறும் பெண்ணுக்குக் கொடுக்கும் சீட்டின் விலை பூஜ்யம். 2014-இல் வந்த ஜன் தன் கணக்கில் இருப்பு பூஜ்யமாக இருக்கலாம். உதவித்தொகை படிவத்தில் சொந்த நிலம் எவ்வளவு என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதுகிறவர், அந்த உதவி யாருக்காக வந்ததோ அவரேதான். ‘கட்டத்தை நிரப்பவும்’ என்று ஒரு புரோகிராம் அவரைத் திருப்பி அனுப்பினால், அவர் தன் தப்பு என்றுதான் நினைப்பார். கவுன்ட்டரில் இருப்பவரும் அப்படித்தான் நினைப்பார். அவர் கட்டத்தை நிரப்பியிருக்கிறார். உண்மையை எழுதியிருக்கிறார். அவர் எழுதிய பூஜ்யத்தைப் பதிலாக ஏற்றுக்கொள்ளும்படி எழுதுவது, நாட் போடுகிற ஒவ்வொருவரும் அவருக்குச் செய்ய வேண்டிய கடமை.